மூன்று மணிக்கு விழுகிற காலுறை

1

இந்தக் கதை ஆசையால் பிறந்தது. நல்ல ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்து, "இயந்திரங்கள் பத்தி ஒரு சிறப்பிதழ் கொண்டு வர்றோம். ரோபோவை வெச்சு ஒரு கதை குடுங்களேன். உங்களுக்கு அதெல்லாம் பழக்கமுண்டா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் அடுத்த ஆளிடம் போயிருப்பார். அந்த அடுத்த ஆள் யார் என்று எழுதுகிறவனுக்குத் தெரியும். அதனால் "ஓ, நல்லாத் தெரியுமே" என்று வாயைக் கொடுத்துவிட்டான்.

எழுதுகிறவன் என்று சொல்கிறேன். 'நான்' என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கதையில் அவன் செய்த ஒரு காரியம் பின்னால் வருகிறது. அதை 'நான்' என்று எழுத இப்போதைக்குத் தைரியம் இல்லை. அவனைத் தம்பி என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஓர் அக்கா இருப்பதால் பொய்யும் ஆகாது.

தம்பி எழுதிய முதல் தொடக்கம் இது:

"நூறு வருடங்களுக்குப் பிறகு ஒரு மழைநாளில், அந்த ரோபோவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் கண்ணீராக"

[இது இப்படியே பாதியில் நிற்கட்டும். அழித்துவிடலாம்தான். ஆனால் ஒரு மனிதன் எந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தான் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.]

இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் தம்பிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அவன் அக்கா ஆறு வருடமாக ஒரு பெரிய கிடங்கில் வேலை செய்கிறாள். வீட்டில் இருந்தபடி ஜனங்கள் போனில் கேட்கும் சாமான்கள் அங்கிருந்துதான் பெட்டி பெட்டியாகப் போகின்றன. அந்தக் கிடங்கில் நானூறு ரோபோ இருக்கின்றன. இந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அவன் "அங்க உனக்கு என்ன வேலை?" என்று அவளைக் கேட்டதில்லை. தன் கதைகளைப் பற்றி மட்டும் அவளிடம் நிறையப் பேசியிருக்கிறான்.

2

அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. வேலை முடிந்து சாயங்காலம் வரும்போது தம்பி வீட்டில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவாள். முழங்கால் வலி அவளுக்கு. சமையலறை ஸ்டூலில் காலை நீட்டி, ஈரத்துண்டை முட்டியில் சுற்றிக்கொண்டு தேநீர் குடிப்பாள். வீட்டில் முதுகு சாய்க்கிற நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அது எழுத்து மேசையில் தம்பிக்கு அடியில் இருக்கும்.

"அக்கா, ரோபோ அழுமா?"

"எதுக்கு அழணும்? அதுக்கென்ன முழங்காலா இருக்கு?"

பிறகு அவள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதிக்கொண்டான். கைகால் கண் ஒன்றும் கிடையாது. குளியலறையில் எடை பார்க்கிற மிஷின் இருக்கிறதே, அதைக் கட்டில் அகலத்துக்குப் பெரிதாக்கினால் அதுதான் ரோபோ. தரையோடு தரையாக ஓடும். ஓர் அலமாரிக்கு அடியில் நுழையும், அலமாரியைத் தூக்கும், மேசைக்குக் கொண்டு வரும். யாரும் ஓட்டுவதில்லை. எந்த வழி போவது என்று அதுவே முடிவு செய்யும். எதிரே இன்னொன்று வந்தால் ஒதுங்கும். சார்ஜ் குறைந்தால் தானே போய்ச் செருகிக்கொள்ளும்.*

ரோபோ ஓடும் தளத்தைச் சுற்றிப் பன்னிரண்டு மேசை. ஒவ்வொரு மேசையிலும் ஓர் ஆள். அலமாரி வந்து நிற்கும், எந்தப் பொருளை எடுக்க வேண்டும் என்று திரையில் வரும், எடுத்துப் பெட்டியில் போட்டதும் அலமாரி போகும், அடுத்தது வரும். உட்கார நாற்காலி கிடையாது.

"முன்னாடி நாங்கதான் அலமாரியத் தேடிப் போவோம். போற வழியில ஒரு மூச்சு விடலாம், யாராவது எதிர்ல வந்தா ஒரு வார்த்தை பேசலாம். இப்ப அது நம்மளத் தேடி வருதுடா. வந்துகிட்டே இருக்கு. வராதேன்னு எப்படிச் சொல்றது?"

இந்த வரி தம்பிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அடிக்கோடு போட்டான். அவள் எதிரிலேயே போட்டான்.

* இந்த விவரத்தைத் தம்பி முதலில் நம்பவில்லை. பசித்தால் தானே போய்ச் சாப்பிடத் தெரிந்த ஒன்றை அவன் அதுவரை வீட்டில் பார்த்ததில்லை, தன்னையும் சேர்த்து.

3

ரகசியம் எப்படி வெளியே வந்தது என்றால், தம்பி ஓர் அசட்டுக் கேள்வி கேட்டான். "அந்த ரோபோ எல்லாம் எப்பவாவது மொத்தமா நிக்குமா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"மூணு மணிக்கு நிக்கும்."

"ஏன் மூணு மணிக்கு?"

"எழுத மாட்டேன்னு சொல்லு."

"எழுத மாட்டேன்."

எழுதுகிறவனிடம் இப்படி வாக்கு வாங்கும் அளவுக்கு அவள் அப்பாவி. அவன் முகத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறாள், இருந்தும் நம்பினாள். இது தம்பிக்கு இன்றுவரை உறுத்துகிறது.

விஷயம் இதுதான். தினமும் மூன்று மணி வாக்கில் ஏதோ ஓர் அலமாரியிலிருந்து ஒரு ஜோடி குழந்தைக் காலுறை தரையில் விழும். தானாக விழாது. அன்று வேலைக்குக் கடைசியாக வந்தவர் யாரோ அவர் முறை. தன் மேசையிலிருந்து அலமாரி கிளம்பும்போது ஒரு ஜோடியைத் தட்டின் விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்துவிட வேண்டும். அலமாரி எங்கோ நடுவில் திரும்பும்போது அது விழும். தன் மேசை அருகே விழுந்தால் மாட்டிக்கொள்வோம். நடுவில் விழுந்தால் யார் என்று சொல்ல முடியாது.

தரையில் என்னவோ கிடக்கிறது என்று ரோபோ கண்டுகொள்ளும், நிற்கும், தகவல் அனுப்பும். எல்லாத் திரையிலும் 'காத்திருக்கவும்' என்று வரும். அதை எடுக்க உள்ளே போகப் பயிற்சி பெற்றவள் அக்கா ஒருத்திதான். ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத கோட்டு ஒன்று உண்டு, அதில் ஒரு சின்னக் கருவி தைத்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவள் உள்ளே காலை வைத்தால் நானூறு ரோபோவும் இருந்த இடத்தில் நின்றுவிடும். அவள் வெளியே வரும்வரை அசையாது.

அந்த நேரத்தில் பதினோரு பேரும் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார்கள். கண்டக்டர் என்று அவர்கள் கூப்பிடும் ஒருவர் மட்டும் கழிப்பறைக்கு ஓடுவார்.

"கண்ணாடிச் சாமான் விழுந்தா இன்னும் நேரம் கெடைக்குமே?" என்றான் தம்பி, பெரிய மேதாவி மாதிரி.

"ஒரு தடவ புதுசா வந்த ஒருத்தி சாஸ் பாட்டிலத் தள்ளிட்டா. நாப்பது நிமிஷம் ஆச்சு கழுவ. அப்புறம் விசாரணை, ஒவ்வொருத்தர்கிட்டயும் எழுதி வாங்கினாங்க. அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணோம். ஒடையக் கூடாது, உருளக் கூடாது, ஒழுகக் கூடாது. பேராசைப்படக் கூடாது."

"எவ்வளவு நேரம் கெடைக்கும்?"

"நாலு நிமிஷம். வேற யாராவது போனா ஒன்றரை நிமிஷத்துல முடிஞ்சிடும். எனக்கு முட்டி வலிக்குதில்ல, மெதுவாத்தான் நடப்பேன்."

தம்பி எழுதுவதை நிறுத்தினான். "அப்ப நீ எப்ப உக்காருவ?"

அக்கா ஈரத்துண்டைத் திருப்பிப் போட்டாள். "நான் எப்படி உக்கார முடியும்? நான்தானே நடக்கணும்."

4

[இந்த இடத்தில் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. கண்டக்டர் பழைய பஸ் கண்டக்டர். ஒவ்வோர் அலமாரியையும் "ரைட், போலாம்" என்று சொல்லி அனுப்புகிறவர். இதை யாரும் நம்ப மாட்டார்கள், கதைக்காகச் செய்தது போல இருக்கிறார். அவர் நிஜம். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பதும், மதியச் சாப்பாட்டுக்கும் ஆறு மணிக்கும் நடுவே அந்த நாலு நிமிடம்தான் அவருக்கு வழி என்பதும் நிஜம். டீச்சர் என்று ஒருவர், முன்பு பள்ளிக்கூடத்தில் இருந்தவர், ரோபோக்களை எண் சொல்லி அதட்டுகிறவர், "நாப்பத்தேழு, எங்க அவசரம்?" என்பார். பார்த்தால் நம்பும்படி இருக்கிறார் அல்லவா? அவரில் பாதி சொந்தச் சரக்கு.]

வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் காலுறையை எடுத்துவிட்டால் கதையில் என்ன மிச்சம்? எடை மிஷின்தான் மிச்சம். தம்பி ஒரு வாரம் கையைப் பிசைந்தான். பிறகு, மாற்றி எழுதினால் வாக்கு மீறியது ஆகாது என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். அக்காவை மீசைக்காரர் ஒருவராக்கினான். காலுறையைச் சோப்புக்கட்டி ஆக்கினான். மூன்று மணியைப் பதினொன்று ஆக்கினான்.

"மீசைக்காரர் வலிக்கும் முழங்காலோடு சோப்புக்கட்டியை நோக்கி"

வேண்டாம். படித்தால் உங்களுக்கும் முழங்கால் வலிக்கும்.

கணினியில் இரண்டு பிரதி இருந்தன. ஒன்றின் பெயர் 'மாற்றியது'. இன்னொன்றின் பெயர் 'நடந்தது'. முதலாவது நொண்டியது. இரண்டாவது ஓடியது. தம்பி அதைத் தினம் ஒரு தடவை திறந்து படித்து, தானே மெச்சிக்கொண்டு, மூடி வைத்தான்.

5

தம்பியின் கதைகளைப் படிக்கிறவர்கள் மொத்தம் பதினோரு பேர். அவர்களில் ஒன்பது பேர் தாங்களும் எழுதுகிறவர்கள், பதிலுக்குப் படிக்க வேண்டுமே என்று படிப்பவர்கள். பத்தாவது ஆள் அச்சுப் பிழை பார்ப்பவர். ஆக, யாரும் வற்புறுத்தாமல், தன் பாட்டுக்கு, விரும்பிப் படிக்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் அக்கா வேலை செய்கிற கிடங்கில் ரோபோக்களைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர்.

வேண்டுமென்று இப்படி அமைக்கவில்லை. கதைக்கு இது நெருடல் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் அவர் ஒரு நாள் அக்காவிடம், "உங்க தம்பியா அவர்? அந்த லிஃப்ட் கதைய நான் மூணு தடவ படிச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பினார். தம்பிக்கு உச்சி குளிர்ந்து ஒரு மாதம் அப்படியே இருந்தது.

கதையில் எந்திர விவரம் சரியா என்று பார்க்க ஒரு தெரிந்த ஆள் வேண்டும். அவரிடம் அனுப்பினால் என்ன? 'மாற்றியது' இருக்கிறதே, அதை அனுப்பினால் ஆபத்து ஒன்றுமில்லை. ஒரு திங்கட்கிழமை காலை தம்பி மின்னஞ்சலில் கதையை இணைத்து அனுப்பினான். தவறுதலாக 'நடந்தது' போய்விட்டது.

தவறுதலாக.

இல்லை. தவறுதலாக ஒன்றும் போகவில்லை. இரண்டு பிரதியும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் இருந்தன, எது எது என்று தெளிவாகத் தெரிந்தது. 'மாற்றியது' நன்றாக இல்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு வாசகர், அவரிடம் நன்றாக இல்லாததைக் கொடுக்க மனம் வரவில்லை. தம்பி அனுப்பவில்லை. நான்தான் அனுப்பினேன்.

இனி நான் என்றே எழுதுகிறேன்.

6

மறுநாளே பதில் வந்தது. "சார், பிரமாதம். ரெண்டு சின்னத் திருத்தம்" என்று எழுதியிருந்தார். ரோபோவின் வேகத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தேனாம். சார்ஜ் ஏற எடுக்கும் நேரத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தேனாம். காலுறை வரும் பத்தியின் ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை, ஒரு சின்னச் சரிக்குறி மட்டும் போட்டிருந்தார்.

அந்தச் சரிக்குறிக்கு என்ன அர்த்தம்? நன்றாக எழுதியிருக்கிறேன் என்றா? பார்த்துக்கொண்டேன் என்றா? ஆனால் உண்மையைச் சொல்கிறேனே, முதலில் வந்த நினைப்பு, 'அந்தப் பத்தி அவருக்குப் பிடித்திருக்கிறது' என்பதுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள்.

"வலை போட்டுட்டாங்கடா."

"என்ன வலை?"

"எல்லா அலமாரிக்கும். முன்பக்கம் ரப்பர் வலை. கைய விட்டு எடுக்கலாம், ஆனா தானா ஒண்ணும் கீழ விழாது." கொஞ்சம் சிரித்தாள். "இன்னிக்கு டீச்சர் மொற. வலைக்குள்ள விரல விட்டு நீட்டிப் பாத்தாங்க, அது திரும்ப உள்ளயே போயிடுது. கண்டக்டர் நாலு மணிக்குத் திரைய அப்படியே விட்டுட்டு ஓடிட்டாரு. அவர் பேரு மேலதிகாரிகிட்ட போயிருக்கு."

நான் உள்ளே போய் எஞ்சினியருக்குப் போன் போட்டேன்.

"அந்த வலையா சார்? அது மூணு மாசம் முன்னாடியே ஆர்டர் குடுத்தது. இப்பதான் வந்துச்சு." நல்ல மனிதர், குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "கதை எப்ப சார் வெளிவருது?"

மூன்று மாதம் முன்னாடியே. இந்த மூன்று வார்த்தையை நான் ஒரு போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொள்ளப் பார்த்தேன். கால் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

7

அக்காவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதற்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் ரொம்ப நல்லவனாக வந்தேன். நடந்தது இவ்வளவுதான்:

"அக்கா, அந்தக் காலுறை விஷயத்த நான் எழுதிட்டேன். எஞ்சினியருக்கு அனுப்பிட்டேன்."

"எப்ப?"

"திங்கக்கெழம. ஆனா வலை மூணு மாசம் முன்னாடியே"

"திங்கக்கெழமையா," என்றாள். விரல் விட்டு எண்ணினாள். திங்கள், செவ்வாய், புதன். வியாழனுக்கு வந்ததும் விரலை மடக்கிவிட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "கண்டக்டருக்கு நீ என்னடா பதில் சொல்லுவ?" என்று மட்டும் கேட்டாள்.

வெட்கமாக இருந்தது. எழுத்தில் வருகிற வெட்கம் வேறு, இது வேறு. காது சுட்டது.

"குடு அத. படிக்கறேன்."

அச்செடுத்துக் கொடுத்தேன். உள்ளே வந்தவள் நேராக எழுத்து மேசைக்குப் போய், என் நாற்காலியில் உட்கார்ந்து, காலைக் குப்பைக்கூடை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். ஆறு வருடத்தில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதுகு சாய்ந்ததும் அவள் வாயிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. அதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். பிறகு, யோசித்ததற்காக என் தலையில் நானே ஒன்று போட்டுக்கொண்டேன்.

கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. இனி என்ன போச்சு, அச்சுல போட்டுக்கோ. ஒண்ணே ஒண்ணு."

"சொல்லு."

"இதுல எல்லாரும் உக்காந்திருக்காங்க. கண்டக்டர் கூடப் போயிட்டு வந்து உக்காந்துடறாரு. நான் மட்டும் முதல் பக்கத்துலேர்ந்து நடந்துகிட்டே இருக்கேன். எழுதறவன் நீதானே? எனக்கு ஒரு ஸ்டூல் போட உனக்குக் கை வரலியா?"

"ரோபோ ஓடற எடத்துல ஸ்டூல் இருக்காதுக்கா. படிக்கறவங்க நம்ப மாட்டாங்க."

"அப்ப தரையில உக்கார வை," என்றாள் அக்கா. கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனாள்.

8

இந்தக் கடைசிப் பகுதியை ஃப்ரிட்ஜ் மேல் காகிதத்தை வைத்து, நின்றபடி எழுதுகிறேன். நாற்காலியில் அக்கா தூங்குகிறாள். இரண்டு பத்திக்குள்ளேயே எனக்குக் கால் கடுக்கிறது. பத்து மணி நேரம் எப்படி நிற்கிறார்கள் என்று

பரவாயில்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

முடிவுக்கு என்னிடம் சில யோசனைகள் இருந்தன. எஞ்சினியர் மனம் மாறி ஒரு வலையைத் தளர்த்தி வைக்கிறார்: கதை நன்றாக முடியும், ஆனால் அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. பன்னிரண்டு பேரும் சேர்ந்து போய் நாற்காலி கேட்கிறார்கள்: டீச்சர் மனு எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அக்கா சொன்னாள், என்ன ஆகும் என்று தெரியாது, தெரியாததை நான் முடித்து வைக்கக் கூடாது. ரோபோக்கள் தாமாகவே இரக்கப்பட்டு நிற்கின்றன: இது அந்த எண்ணெய்க் கண்ணீருக்குத் தங்கை.

ஆகவே சொன்னபடி செய்கிறேன்.

மணி மூன்று. வலை இல்லை. எழுதறவன் நான்தானே, எடுத்துவிட்டேன். நடுத்தளத்தில் ஓர் அலமாரி திரும்புகிறது, ஒரு ஜோடி மஞ்சள் காலுறை விழுகிறது. எல்லாத் திரையிலும் 'காத்திருக்கவும்'. பதினோரு பெட்டிகள் கவிழ்கின்றன. கண்டக்டர் ஓடுகிறார்.

அக்கா ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறாள். நானூறும் நிற்கின்றன. மெதுவாக நடந்து, அலமாரிகளுக்கு நடுவே போய், குனிந்து, காலுறையை எடுக்கிறாள். அக்கம்பக்கம் பார்க்கிறாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, வலிக்கிற காலை முதலில் நீட்டி, அப்படியே உட்காருகிறாள். முதுகுக்கு ஓர் அலமாரியின் கால் இருக்கிறது. தரை சில்லென்று இருக்கிறது. காலுறை மடியில் கிடக்கிறது.

நான் அடுத்த வாக்கியத்தை எழுதினால் அவள் எழுந்திருக்க வேண்டும். அதனால் அந்த வாக்கியத்தை நான் எழுதுவதாக இல்லை. எழுப்பித்தான் ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை, கண்டக்டர் இன்னும் வரவில்லை.

அவள் தோளில் மாட்டியிருக்கும் வாக்கி-டாக்கியில் எஞ்சினியரின் குரல் கேட்கிறது. "என்னக்கா, கெடச்சிடுச்சா?"

அக்கா மடியில் கிடக்கும் காலுறையைப் பார்க்கிறாள்.

"இன்னும் இல்ல தம்பி. தேடிட்டிருக்கேன்."